தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது: அதிகம் பேசப்படாத சிக்கல்கள் பற்றிக் கேள்வி பதில்

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும் என்பது பலருக்கும் தெரியும். இந்த அறிகுறிகளோடு வருகிறவருக்கு நோய் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிக்கல் மற்றவர்களுக்குத்தான். ஒருவருக்கு விடிகாலையில் கால்கள் செயலிழக்கும். இன்னொருவருக்குக் கண் மஞ்சளாகும். எழுபது வயதுப் பாட்டி சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இவர்கள் நரம்பு மருத்துவர், வயிறு மருத்துவர், மனநல மருத்துவர் என்று அலைந்து கடைசியில்தான் தைராய்டுக்கு வந்து சேர்கிறார்கள். அந்த அலைச்சலில் வீணாகும் நாட்கள் சில நேரம் உயிரோடு விளையாடுபவை. டிஎஸ்எச் (மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரந்து தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மிகையானால் இது குறையும்) என்ற ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையை யாராவது முன்பே யோசித்திருந்தால் அவை மிச்சமாகியிருக்கும். அந்த யோசனை வர வேண்டிய இடங்கள் எவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்.

ஒரே சுரப்பியின் கோளாறு எப்படி இத்தனை உறுப்புகளில் தெரிகிறது?

தைராய்டு சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்களுக்கு வேலையில்லாத உறுப்பே உடலில் இல்லை எனலாம். இதயத் துடிப்பின் வேகம், குடல் அசைவு, எலும்பு கரைந்து மறுபடி உருவாகும் வேகம், தசைக்குள் உப்புகள் போய்வரும் கணக்கு, மூளையின் விழிப்பு எல்லாவற்றிலும் அவற்றின் கை உண்டு. அளவு கூடும்போது அவரவர் உடலில் எந்த உறுப்பு நலிந்திருக்கிறதோ அங்கே முதலில் வெளிப்படும்.

மிகைச் சுரப்புக்குப் பெரும்பாலும் காரணம் கிரேவ்ஸ் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தைராய்டைத் தூண்டிவிடும் நிலை இது. இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் பாரி 1786லேயே இந்த நோயைக் கவனித்திருக்கிறார். அவர் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1825இல்தான் அச்சேறின. டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மனியின் மெர்ஸ்பர்க் நகரில் கார்ல் ஃபான் பாஸடோ 1840இலும் எழுதினார்கள். வீங்கிய கழுத்து, படபடக்கும் நெஞ்சு, பிதுங்கிய கண் என்ற மூன்றையும் சேர்த்து ‘மெர்ஸ்பர்க் மும்மை’ என்றே சொல்வார்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். மூன்றும் இல்லாமல் வருவதைப் பற்றித்தான் கீழே பேசுகிறோம். கிரேவ்ஸ் தவிர, தைராய்டில் தானாகச் சுரக்கும் கட்டிகள், தைராய்டு அழற்சி, குறைச் சுரப்புக்குத் தரும் தைராக்சின் மாத்திரையை அளவு மீறி எடுப்பது ஆகியவையும் காரணமாகலாம்.

என் தம்பிக்கு 28 வயது. இரவு விருந்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். காலையில் கால் இரண்டையும் தூக்க முடியவில்லை. பொட்டாசியம் குறைவு என்றார்கள், ஏற்றியதும் சரியாகிவிட்டது. இதற்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிஎஸ்எச், டி4, டி3 மூன்றையும் பார்க்காமல் இதை விட்டுவிடக் கூடாது. தைராய்டு மிகையால் வரும் திடீர்த் தசை முடக்கம் என்ற நிலை ஒன்று இருக்கிறது. ஆசிய வம்சாவளி ஆண்களிடம்தான் இது அதிகம். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள். தைராய்டு மிகைச் சுரப்பு பெண்களுக்கே பல மடங்கு கூடுதலாக வரும் நோய். ஆனால் இந்த முடக்கம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

நடப்பது இதுதான். தசைச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் உள்ளன. தைராய்டு ஹார்மோன் அதிகமானால் இந்தப் பம்புகளின் எண்ணிக்கையும் வேகமும் கூடும். மாவுச்சத்தும் இனிப்பும் நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து அதே பம்புகளை இன்னும் முடுக்கும். ரத்தத்திலுள்ள பொட்டாசியம் மொத்தமாகத் தசைக்குள் போய் அடைந்துகொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே, பலருக்கு 2ஐ ஒட்டிக்கூட, இறங்கிவிடும். அப்போது தசை மின்தூண்டலுக்கு மசிவதில்லை. ஆண் ஹார்மோனும் இந்தப் பம்புகளைத் தூண்டும் என்பதால் ஆண்களுக்கு அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியே வரும் வழி ஒன்றில் மரபணுக் கோளாறு சில நோயாளிகளிடம் இருப்பதை 2010இல் கண்டறிந்தார்கள்.

ஆகையால் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இரவு கல்யாண வீட்டுச் சாப்பாடு, அல்லது பகலெல்லாம் கடும் வேலையோ விளையாட்டோ முடித்து ஓய்வு. நள்ளிரவில் அல்லது விடிகாலையில் எழப் பார்த்தால் தொடைகள் கல்லாகக் கிடக்கும். கையைவிடக் காலில் அதிகம். தொடு உணர்ச்சி இருக்கும், நினைவு தெளிவாக இருக்கும், பேச்சு குழறாது. சில மணி நேரத்தில், தாமதித்தால் ஒரு நாளுக்குள், தானாகவே சரியாவதும் உண்டு. தானாகச் சரியாவதால்தான் ‘பையன் நடிக்கிறான்’, ‘பயந்த சுபாவம்’ என்று வீட்டிலும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில நேரம் மருத்துவமனையிலும் முத்திரை குத்திவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை: இவர்களில் பலருக்குத் தைராய்டு நோயின் மற்ற அறிகுறிகள் லேசாகவே இருக்கும். கழுத்து வீங்கியிருக்காது, கண் பிதுங்கியிருக்காது. நாடி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடும். கால் செயலிழந்து படுத்திருக்கும் இளைஞருக்கு நாடி 110 ஓடினால் அது பயத்தால் என்று எடுத்துக்கொள்ளாமல் தைராய்டைப் பார்க்க வேண்டும்.

அப்படி முடங்கினால் வீட்டில் என்ன செய்யலாம்?

குளுக்கோஸ் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், இனிப்பு எதையும் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் யாராவது சோர்ந்து விழுந்தால் கை முதலில் போவது குளுக்கோஸ் டப்பாவுக்குத்தான். இந்த நோயில் அது முடக்கத்தைக் கூட்டும். நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அரிதாக மூச்சுத் தசையும் தளரும். உயிருக்கு ஆபத்து அங்கேதான். போனதும் ‘ராத்திரி நிறையச் சாப்பிட்டான், இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை இப்படி வந்திருக்கு, கொஞ்ச நாளா இளைச்சிருக்கான்’ என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் இசிஜி எடுத்து, பொட்டாசியத்தை அளவாகக் கொடுப்பார்கள். அந்த ‘அளவாக’ முக்கியமானது. உடலில் பொட்டாசியம் காலியாகவில்லை, இடம் மாறித்தான் இருக்கிறது. அவசரப்பட்டு நிறைய ஏற்றினால், முடக்கம் விலகித் தசைக்குள் போனதெல்லாம் திரும்பி வரும்போது ரத்தத்தில் எல்லை மீறிவிடும். அதுவும் இதயத்தை நிறுத்தக்கூடியது. புரோப்ரனலால் மாத்திரை அந்தப் பம்புகளின் வேகத்தைக் குறைத்து உதவுகிறது.

பொட்டாசியம் மாத்திரையைத் தினமும் போட்டால் மறுபடி வராதா?

வரும். முடக்கம் இல்லாத நாட்களில் இவர்களுக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். தினசரி மாத்திரை தடுக்காது. தைராய்டு கட்டுக்குள் வரும்வரை புரோப்ரனலால், கனத்த இரவுச் சாப்பாட்டையும் மதுவையும் தவிர்ப்பது, கடும் உடற்பயிற்சியைத் தள்ளிப்போடுவது. தைராய்டு அளவு சரியாகிவிட்டால் முடக்கம் நின்றுவிடும். மீண்டும் தைராய்டு கூடினால் மீண்டும் வரும். அதனால் இந்த நோயாளிகளுக்கு ரேடியோ அயோடின் (சுரப்பியைச் செயலிழக்கச் செய்யும் கதிரியக்க மருந்து) அல்லது அறுவை சிகிச்சை என்று நிரந்தரத் தீர்வைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். என் எண்ணமும் அதுதான்.

பரம்பரையாக வரும் வேறொரு பொட்டாசியம் முடக்க நோயும் உண்டு. அதற்குத் தரும் அசிட்டசோலமைடு என்ற மருந்து தைராய்டு முடக்கத்தை மோசமாக்கக்கூடியது. இரண்டையும் பிரித்தறியும் வழியும் அதே தைராய்டு பரிசோதனைதான்.

கார்பிமசோல் சாப்பிடுகிறேன். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மருந்தை நிறுத்த வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கார்பிமசோல், மெத்திமசோல், புரோபைல்தயோயூராசில் ஆகிய மூன்றும் தைராய்டைக் கட்டுப்படுத்தும் நல்ல மருந்துகள். ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு முதல் ஐந்து பேருக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை திடீரென்று அடியோடு குறைந்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது 500க்கும் கீழே போய்விடும். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும், பிறகும் நடக்கலாம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது என்பது காப்பாற்றாது, ஏனென்றால் இறக்கம் அவ்வளவு வேகமானது.

வெளியே தெரிவது காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி, வாய்ப்புண். ஊரில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் மாதிரியே இருக்கும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் இரண்டு வாங்கிப் போட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டால், அந்த மூன்று நாளில் கிருமி ரத்தத்தில் பரவிவிடும். எனவே தைராய்டைக் கட்டுப்படுத்தும் இந்த மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். அன்றே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள், நியூட்ரோஃபில் தனியாக எத்தனை என்று தெரியும்படி. எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் சொன்னதும் மாத்திரையைத் தொடரலாம். ஒரு நாள் நிறுத்தியதால் பெரிய நஷ்டம் வராது. குறைந்திருந்தால் மருத்துவமனையில் சேர வேண்டும். அதன் பிறகு வாழ்நாளில் அந்த மருந்தைத் தொடக் கூடாது, அதற்குப் பதிலாக இதே குடும்பத்தின் இன்னொரு மருந்தையும் எடுக்கக் கூடாது.

மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். கொடுக்காவிட்டால் நீங்களே கேட்டு எழுதி வாங்கி, மாத்திரை அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் மஞ்சள் நிறம், சிறுநீர் கறுத்துப்போதல், தாங்க முடியாத அரிப்பு ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். குறிப்பாகப் புரோபைல்தயோயூராசில் அரிதாக ஈரலை முழுதாகப் பாதிக்கும். அமெரிக்காவில் 2010 முதல் அந்த மருந்தின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

மாத்திரை தொடங்கும் முன்பே மஞ்சள் காமாலை வருமா?

வரும். கட்டுப்படாத தைராய்டே ஈரல் பரிசோதனை அளவுகளை உயர்த்தும், சிலருக்கு மஞ்சள் காமாலையும் தரும். இதயம் தளர்ந்து ஈரலில் ரத்தம் தேங்குவதும் சேர்ந்துகொள்ளலாம். மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை ஈரல் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் எடுத்துவைப்பது இதற்காகத்தான். இல்லையென்றால் பிறகு மஞ்சள் வரும்போது நோய் செய்ததா மருந்து செய்ததா என்று பிரிக்க முடியாமல் போகும்.

‘தைராய்டு புயல்’ என்கிறார்களே, அது என்ன?

கட்டுப்படாமல் இருந்த தைராய்டு, ஏதோ ஒரு தூண்டுதலில் உடலின் சமாளிக்கும் திறனை உடைத்துக்கொண்டு வெளிப்படுவது. அரிது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தும் பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் மேல் இறக்கிற நோய். கொதிக்கும் காய்ச்சல், நிமிடத்துக்கு 140ஐத் தாண்டும் நாடி, வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள், பிறகு பிதற்றல், மயக்கம். டெங்கு, டைஃபாய்டு, மூளைக் காய்ச்சல், கிருமி ரத்தத்தில் கலந்தது என்று பல பெயர்கள் முதலில் வரும்.

தூண்டிவிடுபவை: நிமோனியா போன்ற தொற்று, அறுவை சிகிச்சை, பிரசவம், விபத்து, அயோடின் கலந்த சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். எல்லாவற்றையும்விட நம் ஊரில் தடுக்கக்கூடிய காரணம், மாத்திரையைத் தானாக நிறுத்துவது. ‘உடம்பு தேறிவிட்டது, எதற்கு மாத்திரை?’ என்று நிறுத்திய சில வாரங்களில் ஒரு சாதாரணத் தொற்று வந்தால் போதும்.

இதை உறுதிசெய்ய ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. ஹார்மோன் அளவு புயலிலும் சாதாரண மிகைச் சுரப்பிலும் ஒரே மாதிரி இருக்கலாம். பர்ச், வார்ட்டாஃப்ஸ்கி என்ற இருவர் 1993இல் வகுத்த மதிப்பெண் முறையில் காய்ச்சல், நாடி, மனநிலை முதலியவற்றுக்கு எண் போட்டுக் கூட்டுவார்கள். 45ஐத் தொட்டால் புயல் என்றே எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சை தொடங்குவார்கள். காய்ச்சலுக்கு இவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது. அது ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனைப் பிரித்துவிடும். பாராசிட்டமால்தான் தர வேண்டும்.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது. இதய மருத்துவர் தைராய்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார். எதற்கு?

நல்ல மருத்துவர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், தைராய்டு மிகையானவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது வருகிறது, வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். 1991 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கேம்ப் டேவிட்டில் மெதுவோட்டம் ஓடும்போது மூச்சிரைத்து நின்றார். இதயத் துடிப்பு சிதறியிருந்தது. தேடிப் போனால் கிரேவ்ஸ் நோய். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் மனைவி பார்பராவுக்கும் அதே நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. புஷ் ரேடியோ அயோடின் எடுத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

டி3, டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் 60 வயது கடந்தவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, டிஎஸ்எச் 0.1க்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு மூன்று மடங்கு வந்ததாக 1994இல் வெளியிட்டார்கள். துடிப்பு சிதறினால் மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் தரலாம். தைராய்டு சரியான சில மாதங்களுக்குள் பலருக்குத் துடிப்பு தானாகவே ஒழுங்குக்குத் திரும்பும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை அப்பா எடுத்துக்கொண்டால் ஒன்றைக் கவனியுங்கள். தைராய்டு அதிகமாக இருக்கும்போது அந்த மருந்து கூடுதலாக வேலை செய்யும். தைராய்டு இறங்க இறங்க அதே அளவு போதாமல் போகும். ஆகவே ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருப்பதற்கும் தைராய்டு காரணமாகுமா?

ஆகலாம். காலும் வயிறும் வீங்கி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோய் வருபவர்களில் சிலருக்கு அடிப்படை தைராய்டு. மற்றக் காரணங்களால் வரும் நுரையீரல் ரத்த அழுத்தம் அவ்வளவு எளிதில் இறங்காது. இது தைராய்டு சரியானதும் பெரும்பாலும் இறங்குகிறது. அதனால் தேடிப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது.

பாட்டி இளைத்துக்கொண்டே போகிறார், ஆனால் படபடப்பு, நடுக்கம் எதுவும் இல்லை. சோர்ந்து கிடக்கிறார். இது எப்படி மிகைச் சுரப்பாக இருக்கும்?

முதியவர்களிடம் நோய் தலைகீழாகத் தெரியலாம். பரபரப்புக்குப் பதில் மந்தம், பசிக்குப் பதில் பசியின்மை, வயிற்றுப்போக்குக்குப் பதில் மலச்சிக்கல். பாஸ்டன் அறுவை மருத்துவர் ஃப்ராங்க் லேஹி 1931லேயே இதைத் தனியாக எடுத்து எழுதினார். இரண்டு திசையில் இது தவறிப்போகும். இளைப்பைப் பார்த்துப் புற்றுநோய் என்று ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுப்பார்கள். மந்தத்தைப் பார்த்து ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக வேதனை. வயது எழுபது என்பது ஒரு நோயின் பெயரல்ல. முதியவர் ஒருவர் காரணம் தெரியாமல் எடை குறைந்தால் முதல் சுற்று ரத்தப் பரிசோதனையிலேயே டிஎஸ்எச் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு கரைவதும் இதில் வேகமாகும். சிறு தடுக்கலில் இடுப்பு எலும்பு முறிந்தவருக்கும் தைராய்டைப் பார்ப்பது நல்லது.

மனநோய் போலவும் வருமா?

பதற்றம், தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை சாதாரணமாகவே வரும். அரிதாகச் சிலருக்கு அது எல்லை மீறி, இடைவிடாத பேச்சு, சந்தேகம், காதில் குரல் கேட்பது வரை போகும். இதற்கு முன் மனநலக் கோளாறே இல்லாதவருக்கு முதல் முறையாக இப்படி வந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போகும் நாட்களில் ஒரு நாளை ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. முகமும் கைகளும் தன்னிச்சையாகத் துள்ளும் கொரியா என்ற அசைவு நோயும் மிக அரிதாகத் தைராய்டால் வருவதுண்டு.

கண் பிதுங்குவது தெரியும். பார்வையே போகுமா?

கிரேவ்ஸ் உள்ளவர்களில் சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையும் கொழுப்பும் வீங்கும். எலும்புக் குழிக்குள் இடம் இல்லாமல் அந்த வீக்கம் பார்வை நரம்பை நசுக்கத் தொடங்கினால் பார்வை போகும் ஆபத்து உண்டு. முதலில் தெரிவது நிறம் வெளுப்பது. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு மங்கித் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண் அதிகம் பிதுங்காதவருக்கும் இது நேரலாம், பிதுங்க இடமில்லாததால்தான் நரம்பு நசுங்குகிறது. இரட்டையாகத் தெரிவது, இமை முழுதாக மூடாமல் கருவிழி காய்வது ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருப்பவருக்கும் இந்தக் கண் நோய் வரலாம். புகைப்பவர்களுக்கு இது அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது, சிகிச்சைக்கும் சரியாக மசிவதில்லை. ரேடியோ அயோடின் சிலருக்குக் கண்ணை மோசமாக்கும்; எனவே அந்தச் சிகிச்சைக்கு முன் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு துணையோடு தருவார்கள். 2020இல் அமெரிக்காவில் டெப்ரோடுமுமாப் என்ற மருந்து இந்தக் கண் நோய்க்கென்றே அனுமதி பெற்றது. விலை மிகக் கூடுதல், காது கேட்கும் திறனைப் பாதிக்கவும் கூடும்.

நகமும் தோலும்?

நகம் தன் படுக்கையிலிருந்து பிரிந்து எழும்பும், பெரும்பாலும் மோதிர விரலில் தொடங்கும். அடியில் அழுக்கு சேர்வதால் பூஞ்சை என்று மருந்து பூசிக்கொண்டிருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் போலக் குழிகளோடு இருப்பது கிரேவ்ஸ் நோய்க்கு உரியது. ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல வளர்வதும் உண்டு. வெட்கத்தால் சொல்லாமல் மறைப்பார்கள். சொல்லுங்கள், தைராய்டு சரியானால் பெரும்பாலும் அது வற்றிவிடும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆனால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே?

ரிப்போர்ட் தவறாக இருக்கலாம். பல பரிசோதனைக் கூடங்களின் கருவிகள் தங்கள் வேதிமுறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் பயோட்டின் அதிகமாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி3, டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். கிரேவ்ஸ் நோயை உறுதிசெய்யும் எதிரணு (ஆன்டிபாடி) பரிசோதனைகூடப் பொய்யாக வரலாம். முடி மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் இருக்கும். நம் உடலின் ஒரு நாள் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதுபற்றி எச்சரித்தது. குறைந்தது இரண்டு நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். பொய்யான ரிப்போர்ட்டை நம்பிக் கார்பிமசோல் தொடங்கக் கூடாது, அதன் ஆபத்தைத்தான் மேலே பார்த்தோம்.

சாப்பிடும் பொருளால், மற்ற மருந்துகளால் வருமா?

இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோனில் எடைக்கு 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தேவையோ 150 மைக்ரோகிராம். மருந்து கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திப் பல மாதம் கழித்தும் தைராய்டு கூடலாம். இதை எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தைராய்டு பார்க்க வேண்டும். உடல் இளைக்க என்று விற்கப்படும் பெயர் தெரியாத மாத்திரை, பொடிகளில் தைராய்டு ஹார்மோன் கலந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

உணவால் வந்ததற்கும் சான்று உண்டு. 1984, 85இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தென்மேற்கிலும் அண்டையிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே காலத்தில் தைராய்டு கூடியது. மாட்டின் கழுத்துப் பகுதி இறைச்சியை வழித்தெடுக்கும்போது அதன் தைராய்டும் அரைத்த கறியில் சேர்ந்துபோனதுதான் காரணம். அதன் பிறகு அந்தப் பகுதியை அப்படி வழித்தெடுப்பதைத் தடைசெய்தார்கள்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் வாந்தி நிற்கவே இல்லை, தைராய்டும் அதிகம் என்கிறார்கள். மாத்திரை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் டிஎஸ்எச் போலவே தைராய்டைத் தூண்டும். பத்தாவது வாரத்தை ஒட்டி அது உச்சம் தொட்டு இறங்கும்போது தைராய்டும் இறங்கிவிடும். நீர்ச்சத்தும் வாந்தி மருந்தும் போதும். ஆனால் எச்சிஜி எல்லை மீறி உயரும் முத்துப்பிள்ளை கர்ப்பமா (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு பெருகுவது) என்பதை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். கண் பிதுங்கல், கழுத்து வீக்கம், முன்பே தைராய்டு இருந்த வரலாறு இருந்தால் கிரேவ்ஸ் என்று கருதித் தேட வேண்டும்.

பல வருடம் முன்பு கிரேவ்ஸ் நோய்க்காகத் தைராய்டை எடுத்துவிட்டார்கள். இப்போது தைராக்சின் மாத்திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது?

பிரசவ மருத்துவரிடம் ‘தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் அவர் குறைச் சுரப்பு என்று நினைத்துவிடுவார். கிரேவ்ஸ் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கழுத்தில் தைராய்டு இல்லாவிட்டாலும் அதைத் தூண்டிய எதிரணுக்கள் ரத்தத்தில் இன்னும் இருக்கலாம். ரேடியோ அயோடின் எடுத்தவர்களுக்கும் அப்படியே. தூண்ட உங்களிடம் சுரப்பி இல்லை. அவை நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சுரப்பியைத் தூண்டும். உங்கள் ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்க, வயிற்றுக்குள் குழந்தையின் நாடி 160க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், எடை ஏறாது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு முறை அந்த எதிரணுவின் அளவைப் பார்ப்பார்கள், கூடுதலாக இருந்தால் 18 முதல் 22 வாரத்தில் மறுபடி. அப்போதும் இறங்காமல் இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தால், குழந்தையின் வளர்ச்சி, நாடி, கழுத்து ஆகியவற்றை ஸ்கேனில் தொடர்ந்து கவனிப்பார்கள். தேவைப்பட்டால் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைத் தாய்க்குக் கொடுத்து, அதன் வழியாகவே குழந்தைக்குச் சிகிச்சை நடக்கும். பிறந்த பிறகு தாயின் எதிரணுக்கள் குழந்தையின் ரத்தத்திலிருந்து மறையச் சில மாதங்கள் ஆகும். முதல் சில நாட்கள் நன்றாக இருந்துவிட்டு, அதன்பின் பால் நிறையக் குடித்தும் எடை ஏறாமல், தூங்காமல், வியர்த்து, வேகமாக மூச்சுவிட்டால் குழந்தை மருத்துவரிடம் அன்றே காட்டி, உங்களுக்கு கிரேவ்ஸ் இருந்ததை அவரிடமும் சொல்லுங்கள்.